பன்னிரண்டு மாதச் சட்டை

2044 அக்டோபர் 11, செவ்வாய்.

இன்றைய தவறு: பிப்ரவரி மாதிரியை டியூப் லைட் வெளிச்சத்தில் மட்டும் பார்த்துவிட்டு 'சுத்தம்' என்று பதிந்தேன். மாடிக்கு எடுத்துப்போனபோது வெயிலில் நிழல் தெரிந்தது. பதிவைத் திருத்திவிட்டேன். சிறிய தவறுதான் என்று நினைக்கிறேன். உறுதியாகச் சொல்லத் தெரியவில்லை.

நாளைய வேலை: மாதிரியை முதலாளியிடம் காட்டுவது.

கௌசிகா பேனாவை மூடினாள். மாலைக் கல்லூரியில் ஜவுளி வேதியியல் படிக்கிறவர்கள் தினமும் இப்படி வேலைக் குறிப்பு எழுத வேண்டும். பக்கத்தின் தலையில் அன்றைய தவறு, காலில் மறுநாள் வேலை. வகுப்பில் மற்றவர்கள் 'தாமதமாக வந்தேன்' என்ற ஒரே தவறை வைத்து வருஷத்தையே ஒப்பேற்றினார்கள். கௌசிகாவுக்கு அந்த வசதி இல்லை. செய்த தவறுகளில் எதை எழுதுவது, எதை விடுவது என்று தீர்மானிப்பதற்குள்ளேயே அவளுக்கு ஆவி போய்விடும்.

அவள் வேலை பார்த்தது திருப்பூரில், சுடர்க்கொடி பிரிண்ட்ஸ் என்ற அச்சுப் பட்டறையின் ஆய்வுக்கூடத்தில். அங்கே அப்போது ஓடிக்கொண்டிருந்தது பன்னிரண்டு மாதச் சட்டை.

கடல் கடந்த பெரிய கம்பெனிகளுக்கு மாதத்துக்கு ஒன்றாகப் பன்னிரண்டு அக்கறைகள் இருந்தன. பிப்ரவரியில் கறுப்பின மக்களின் சாதனை. மார்ச்சில் பெண்கள். ஏப்ரலில் மரம். அதற்குப் பின் வேறு வேறு. முன்பெல்லாம் ஒவ்வொன்றுக்கும் தனித்தனிச் சட்டை அடித்து ஊழியர்களுக்குக் கொடுத்து, மாதம் முடிந்ததும் அதை வைத்து மேசை துடைத்தார்கள். வீண் செலவு என்று யாரோ ஒரு புண்ணியவான் சொன்னதிலிருந்து ஒரே சட்டை என்றாகிவிட்டது. அச்சு மையில்தான் சூட்சுமம். காலரில் தைத்திருக்கும் மெல்லிய கம்பி இழைக்குத் தலைமை அலுவலகத்திலிருந்து கட்டளை வரும். நெஞ்சிலிருந்த முகம் கரையும், அடுத்த அக்கறை முளைக்கும். யாரும் சட்டையை மாற்ற வேண்டியதில்லை. வேறு எதையுமே மாற்ற வேண்டியதில்லை என்பதுதான் அதன் அழகு.

பிப்ரவரிக்கு இருபது முகங்கள். வேலை நாளைக்கு ஒன்று. சனி, ஞாயிறுகளில் நெஞ்சு வெறுமையாக இருக்கும். மரியாதைக்கும் வார விடுமுறை உண்டு.

ஒப்பந்தத்தில் தடித்த எழுத்தில் இருந்தது ஒன்றே ஒன்றுதான்: மாதம் முடிந்ததும் சுவடு இருக்கக் கூடாது. பெண்கள் சுவடின்றிப் போனார்கள். மரம் போயிற்று. மற்றவையும் போயின. பிப்ரவரி மட்டும் போகவில்லை. வெளுத்த துணியில் மூக்கும் கன்னமுமாக ஒரு நிழல் நின்றது.

அந்த நிழலுக்குக் காரணம் அமராச்சி. முகங்களை வரைந்தவள் அவள்தான். அவளுடைய அப்பா உசோமா, காதர்பேட்டையில் பனியன் வாங்கி நைஜீரியாவுக்கு அனுப்ப வந்தவர். ஆறு வயதில் அவரோடு வந்திறங்கிய அமராச்சி இங்கேயே படித்து, இங்கேயே வேலை பார்த்து, முப்பத்துநான்கு வயதில் இந்த ஊர்க்காரர்களைவிடச் சுத்தமாக இந்த ஊர்த் தமிழ் பேசினாள். அப்படியிருந்தும் ஆட்டோக்காரர்கள் அவளிடம் கைச்சாடையில்தான் வாடகை சொன்னார்கள்.

தோல் நிறங்களுக்கென்று பட்டறையில் ஒரு நிற அட்டை உண்டு. பாலில் தொடங்கி டீயில் முடியும். அதற்கப்புறம் அட்டை முடிந்துவிடும், மனிதர்கள் முடிவதில்லை. டீக்கு மேல் கறுத்த முகம் வந்தால் மிச்சம் மீதி மையெல்லாம் ஒரே வாளியில் கொட்டிக் கலக்கி, வருகிற கறுப்பை அப்பிவிட்டு, வெள்ளைக் கோட்டில் கண்ணும் வாயும் போடுவது பட்டறைகளின் பழக்கம். அமராச்சி அந்த வாளியை ஒரு முறை எட்டிப் பார்த்தாள். "இது சாக்கடைங்க, மூஞ்சி இல்லை" என்றாள். பிறகு நீலத்தை அடியில் வைத்து, அதன்மேல் சிவப்பு, காவி என்று ஏழு அடுக்கில் ஒரு கன்னத்தைக் கொண்டுவந்து காட்டினாள். அந்தக் கன்னம் மூச்சுவிடுவது போலிருந்தது. அந்த ஏழு அடுக்கில் அடியடுக்குகள்தான் இப்போது போக மறுத்தன.

மறுநாள் முதலாளி நாச்சிமுத்துவின் அறையில் மாதிரியைப் பிரித்து வைத்தார்கள். கொள்முதல் நிறுவனத்தின் ஆள் ஷ்ரவண் பெங்களூரிலிருந்து வந்திருந்தான். கசங்காத சட்டையும் கசங்காத சிரிப்பும் உள்ளவன்.

"ஏனம்மிணி, இதென்ன மசி புடிச்ச கறையாட்டம் இருக்குது?" என்றார் நாச்சிமுத்து.

"கறை இல்லீங் சார். முகமுங்க. அடியடுக்கு போக மாட்டேங்குது" என்றாள் கௌசிகா.

"ரொம்ப சிம்பிள் சார்" என்றான் ஷ்ரவண். "ஏழு லேயர் எதுக்கு? மத்த மாசமெல்லாம் மூணு லேயர்ல போகலையா? நாலு ஷேடு லைட் பண்ணிட்டா மூணு லேயர் போதும். கிளீனா மறைஞ்சிடும்."

"நாலு ஷேடு லைட் பண்ணிட்டா, அது யாருங்க?" என்றாள் அமராச்சி.

"அதே ஆளுங்கதான் மேடம். ஒரு ஃப்ரெஷ் லுக், அவ்வளவுதான்."

"எங்கப்பன் செத்து ஒம்பது வருசமாச்சு. இனி அவருக்கு என்னத்த ஃப்ரெஷ் லுக்கு?"

இருபதாவது முகம் உசோமாவுடையது. ஷ்ரவண் கையிலிருந்த பட்டியலைப் புரட்டினான். விண்கலத்தின் பாதையைக் கணக்கிட்ட பெண் இருந்தாள். கண்புரையை லேசரால் எடுக்கும் கருவி கண்ட மருத்துவர் இருந்தார். கடைசியில் ஒரு பனியன் வியாபாரி.

"தப்பா எடுத்துக்காதீங்க மேடம். உங்க ஃபாதர் எப்படி இந்த லிஸ்ட்ல..."

"அதெ இவருகிட்டக் கேளுங்க" என்று நாச்சிமுத்துவைக் கை காட்டினாள்.

நாச்சிமுத்து மேசைக் கண்ணாடியைத் துடைக்கத் தொடங்கினார். அந்தக் காலத்தில் இந்த ஊர்ப் பட்டறைகள் தோளை ஒரு சாண் அகலத்துக்கு வெட்டிவிட்டு, ஆப்பிரிக்கக்காரன் வாங்க மாட்டேன்கிறான் என்று புலம்பிக்கொண்டிருந்தன. உசோமாதான் நாடாவும் கையுமாகப் பட்டறை பட்டறையாக ஏறி இறங்கி, அகலத் தோளுக்கு வெட்டச் சொல்லிக் கொடுத்தார். நாச்சிமுத்துவுக்கு முதல் ஏற்றுமதி ஆர்டர் அவர் கொடுத்ததுதான். அதே உசோமா வாடகைக்கு வீடு கேட்டபோதெல்லாம் நாச்சிமுத்துவின் மாடி வீட்டுக்கு எங்கிருந்தோ ஒரம்பரை வந்து இறங்கிவிடுவார்கள். அவர் சாகிற வரைக்கும் அந்த விருந்தாளிகள் போகவில்லை.

"அவரு நல்ல மனுசந்தான்" என்றார் நாச்சிமுத்து, கண்ணாடியிடம். பிறகு குரலை மாற்றிக்கொண்டார். "ஆனா அம்மிணி, தொழிலுன்னு ஒண்ணு இருக்குதல்ல? கறுப்பா இருந்தா மறைய மாட்டேங்குது. நா என்ன பண்றது?"

நாச்சிமுத்து புளியங்கொட்டை நிறம். அவர் தலைக்குப் பின்னால் தொங்கிய கல்யாணப் படத்தில் மாப்பிள்ளை மட்டும் மாவில் புரட்டிய கொழுக்கட்டை மாதிரி இருந்தார். ஸ்டுடியோக்காரனின் கைங்கரியம்.

அமராச்சி அந்தப் படத்தைப் பார்த்தாள். "மறையாதுன்னு இப்பத்தான் தெரியுதுங்களா? நீங்களும் கல்யாணத்துல இருந்து முயற்சி பண்ணிட்டுத்தானே இருக்கறீங்க."

கௌசிகா இருமுவது போல் வாயைப் பொத்திக்கொண்டாள்.

அந்த அறையில் அமராச்சிக்கு இருந்த பலம் ஒன்றுதான். சீல் வைத்து இறுதி செய்யும் முத்திரை மாதிரியில் நிறம் சரி என்று ஓவியரின் கையெழுத்து வேண்டும். அது இல்லாமல் ஒரு சட்டைகூட அச்சுக்குப் போகாது. வெளுத்த முகங்களுக்குக் கையெழுத்துப் போட மாட்டேன் என்று அவள் எழுந்து போய்விட்டாள்.

நாச்சிமுத்து கௌசிகாவைப் பிடித்துக்கொண்டார். "அம்மிணி, எப்படியாச்சும் அந்தக் கெரகத்தைத் தொலைச்சுக் குடு. உன்னை நிரந்தரமாக்கறதுக்கு நானாச்சு."

கௌசிகா வேலையில் சேர்ந்ததிலிருந்து தற்காலிகம்தான். வேலையில் மட்டுமல்ல, தன்னைப் பற்றிய எல்லாவற்றிலும் தற்காலிகம் என்றே அவளுக்குத் தோன்றும். ஆனால் ஒரு காரியத்தைக் கையில் எடுத்துவிட்டால் வரிசை தப்பாமல் செய்வாள். வெப்பம், ஈரம், மின்துடிப்பு என்று ஒவ்வொன்றாக மாற்றி, ஒரு வருஷத்தை ஒரே நாளில் ஓட்டிக் காட்டும் சோதனைப் பெட்டிக்குள் மாதிரிகளை வைத்தாள். எடுத்து எடுத்து மாடி வெயிலில் பார்த்தாள். நிழல் அசையவில்லை. தனக்குத்தான் புத்தி போதவில்லை என்று முடிவு கட்டப்போன சமயத்தில்தான் அது தட்டுப்பட்டது. எல்லோரும் மேலடுக்கிலிருந்து கரைத்துக்கொண்டிருந்தார்கள். கட்டளையை அடியடுக்குக்கு முதலில் அனுப்பினால்?

ஏழு அடுக்கும் ஒன்றன்மேல் ஒன்றாகச் சரிந்து போயின. வெயிலில் வைத்தாள், பூதக்கண்ணாடியில் வைத்தாள். வெறும் துணி.

பிரமாதமான விஷயம் அதுவல்ல. முகங்களை வெளுக்க வேண்டாம்! அமராச்சி வரைந்த கறுப்பு அப்படியே இருக்கலாம். கௌசிகா வாழ்க்கையில் முதல் முறையாகத் தன்னைப் பற்றிக் கொஞ்சம் நல்லவிதமாக நினைத்துக்கொண்டு மாடிப்படி ஏறினாள்.

அமராச்சி தண்ணீர்த் தொட்டி நிழலில் உட்கார்ந்து தக்காளிச் சோறு தின்றுகொண்டிருந்தாள்.

"அக்கா, கெடைச்சிருச்சுங்க்கா. லைட் பண்ண வேண்டியதே இல்லீங்க. ஏழு அடுக்கும் அப்படியே இருக்கும். மார்ச் ஒண்ணாந்தேதி சுத்தமாப் போயிரும்."

அமராச்சி மெல்லுவதை நிறுத்தினாள். "சுத்தமாவா?"

"சுத்தமாங்க்கா."

"ஒரு பொட்டுகூட நிக்காதா?"

"நிக்காதுங்க. நாலு தடவை பாத்துட்டேன்."

"அப்படிப் போடு" என்று டிபன் டப்பாவை மூடினாள். "இத்தனை நாளா எங்களைக் கழுவித் தொடைக்க முடியாம திணறிட்டிருந்தாங்க. நீ போயி வழி கண்டுபுடிச்சுக் குடுத்திருக்கறே. நல்ல புள்ளை."

கௌசிகாவுக்கு முகம் சுருங்கிப்போயிற்று. "நெறத்தைக் காப்பாத்தத்தானுங்க்கா..."

"நெறத்தைக் காப்பாத்தச் சொல்லி உன்னை யாரு கேட்டா கண்ணு? அது எங்கம்மா குடுத்தது. நீ காப்பாத்தாட்டியும் இருக்கும். நான் கேக்கறது மார்ச்சு. ஏப்ரலு. ஆடி, ஆவணி. கண்புரைக்கு மெசினு கண்டாங்களே அந்த டாக்டரம்மா, அவங்க மெசினு பிப்ரவரில மட்டுந்தான் வேலை செய்யுதா? மார்ச்சுல ஆப்பரேசன் பண்ணுனா கண்ணு தெரியாதா?"

"தெரியுமுங்க."

"எங்கப்பன் வெட்டச் சொன்ன தோளு வருசம் பூராவும் அந்தச் சட்டைலதானே இருக்குது? அதெ எந்த மாசத்துல கரைக்கப் போறாங்களாம்? தோளு வேணும், மூஞ்சி வேண்டாம்." எழுந்து கையைக் கழுவினாள். "நிழலாவாச்சும் நிக்கட்டும். மரத்துக்கு அடியில, பொம்பளைங்களுக்கு அடியில, மங்கலா ஒரு மூஞ்சி. இதென்ன போக மாட்டேங்குதுன்னு எவனாச்சும் கேக்கட்டும். கேட்டாப் போதும்."

கௌசிகா கீழே வந்து சோதனைப் பெட்டியின் பதிவை அழித்தாள். நாச்சிமுத்துவிடம் சொல்ல வேண்டாம் என்று முடிவெடுத்தாள் என்று சொன்னால் அவளுக்கு அது அதிகப்படியான பெருமை. சொல்லவில்லை, அவ்வளவுதான். அதன்பின் யாரைப் பார்த்தாலும் தரையைப் பார்த்து நடந்தாள். நாள் போகப் போக நாச்சிமுத்து அவளை 'அம்மிணி' என்று கூப்பிடுவதை நிறுத்திவிட்டு 'லேப்' என்று கூப்பிடத் தொடங்கினார். அமராச்சியோ ஷ்ரவணுக்கே போன் போட்டு, நிழல் வருஷம் பூராவும் நிற்கட்டும் என்று சொல்லிவிட்டாள்.

அடுத்த வியாழக்கிழமை ஷ்ரவண் மறுபடி வந்தான், இனிப்புப் பெட்டியோடு.

"குட் நியூஸ் சார். மேடம், உங்களுக்குத்தான் முதல் ஸ்வீட்" என்று அமராச்சியிடம் நீட்டினான். அவள் எடுக்கவில்லை. "அந்த நிழல் பத்தி கிளையண்ட் கிட்டப் பேசினேன். அசந்துட்டாங்க! அதை டிஃபெக்ட்டா பாக்காதீங்க, ஃபீச்சரா பாருங்கன்னு சொன்னேன். 'வருஷம் முழுக்கப் பதிப்பு'. கறுப்பினச் சாதனையை ஒரு மாசம் இல்லை, வருஷம் பூரா கொண்டாடற உலகத்தோட முதல் சட்டை. ரேட்டும் கூட. எப்படி?"

நாச்சிமுத்து இரண்டு மைசூர்பாகு எடுத்துக்கொண்டார்.

"முகம் லைட் பண்ண வேண்டாமா?" என்றாள் அமராச்சி.

"வேண்டவே வேண்டாம். ஏழு லேயரும் அப்படியே."

"மார்ச்சுலயும் தெரியுமா?"

"தெரியும் மேடம். நாலு சதவீதம்."

நாச்சிமுத்து மூன்றாவது மைசூர்பாகுக்குக் கை நீட்டினார்.

"இப்ப நிக்கிற நிழல் ரொம்ப அதிகம், மத்த மாசத்தை டிஸ்டர்ப் பண்ணுது" என்றான் ஷ்ரவண். "கிளையண்ட் ஆள் வெச்சு டெஸ்ட் பண்ணியிருக்காங்க. நாலுல நிறுத்தினா யாரும் கம்ப்ளெயிண்ட் பண்ணலை. இருக்குன்னு சொன்னாத்தான் தெரியும். சொல்லலைன்னா தெரியாது. பெர்ஃபெக்ட்."

அமராச்சி சிரித்தாள். தொண்டையிலிருந்து வந்த சிரிப்பு அல்ல, மூக்கிலிருந்து வந்தது. "இதுக்கு எதுக்குங்க கம்பி இழையும் கரையற மையும்? இருபத்தெட்டு வருசமா இந்த ஊருல நான் நாலு சதவீதத்துலதான் இருக்கறேன். எனக்கு யாரும் ஸ்வீட்டுக் குடுக்கலீங்க."

"மேடம், வருஷம் பூரா வேணும்னு நீங்க கேட்டதுதானே இது?"

"ஆமாங்க. நான் கேட்டேன். நீங்க ஸ்பூன்ல குடுக்கறீங்க. கையெழுத்துப் போட மாட்டேன்."

ஷ்ரவண் கோபப்படவில்லை. கோபப்படுவது அவன் வேலையில் இல்லை. கௌசிகா பக்கம் திரும்பினான். "லேப்ல நாலு சதவீதத்துல நிறுத்த முடியுமா? அது தெரிஞ்சா மேடம்கிட்ட மெதுவாப் பேசிக்கலாம்."

முடியும். அடியிலிருந்து கரைக்கும் அவள் முறையில் எந்த இடத்திலும் நிறுத்தலாம். நான்கில், மூன்றில், அரையில். அது தெரிந்த ஆள் உலகத்திலேயே அவள் ஒருத்திதான். அவளிடம் ஏதோ ஒரு வழி இருப்பது அமராச்சிக்கும் தெரியும். அவள் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"முடியாதுங் சார்" என்றாள் கௌசிகா. "மெசின்ல அதுக்கு வழியில்லீங்க."

சொன்னதும் உடம்பெல்லாம் லேசாயிற்று. ஒரு பொய்யால் இவர்கள் எல்லோரையும் மடக்கிவிட்டோம் என்று ஒரு கணம் இருந்தது.

ஷ்ரவணின் முகம் மலர்ந்தது. "அப்படியா? டெக்னிக்கல் லிமிடேஷன். உறுதியாத் தெரியுமா?"

"தெரியுமுங்க."

"அப்ப இன்னும் ஈஸி சார்" என்று நாச்சிமுத்துவிடம் சொன்னான். "நிறத்தை மாத்தறது தொழில்நுட்பக் காரணத்தாலன்னா ஓவியர் கையெழுத்து தேவையில்லை. ஒப்பந்தத்துலயே இருக்கு. லேப் எழுதிக் கொடுத்தாப் போதும். நாலு ஷேடு லைட் பண்ணி மூணு லேயருக்குப் போயிடலாம். நாளைக்குப் பதினோரு மணிக்கு சீல் வெச்சிடலாமா?"

"வெச்சுப் போடலாம்" என்றார் நாச்சிமுத்து. "அம்மிணி, நீ நாளைக்கு ஒரு வரி எழுதிக் குடுத்துரு. உன்ற நிரந்தர ஆர்டரும் அப்பவே வாங்கிக்க."

மறுபடி அம்மிணி ஆகிவிட்டாள்.

சாயங்காலம் பட்டறை வாசலில் அமராச்சி ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டிருந்தாள். கௌசிகா ஓடிப் போய் முன்னால் நின்றாள்.

"அக்கா, உங்களுக்காகத்தானுங்க அப்படிச் சொன்னேன். இப்படித் திருப்புவாங்கன்னு..."

"எனக்காக ஆளாளுக்கு எவ்வளவு பண்றீங்க!" என்றாள் அமராச்சி. "ஒருத்தரு நல்ல மனுசன்னாரு. ஒருத்தன் ஸ்வீட்டுக் கொண்டாந்தான். நீ பொய் சொல்றே. பொறவு எதுக்கு எங்கப்பன் மூஞ்சி நாளைக்கு டீக் கலர்ல வருது?"

"நீங்களே சொல்லியிருக்கலாமுங்களே, என்கிட்ட வழி இருக்குதுன்னு."

"சொல்லியிருப்பேன். அப்ப அது நான் காட்டிக்குடுத்ததா ஆயிருக்கும். உனக்கு வசதி. அழுதுட்டே வீட்டுக்குப் போயிருப்பே." தலைக்கவசத்தை மாட்டிக்கொண்டாள். "உள்ளே என்ன நடந்துதுன்னு புரியுதா கண்ணு? நான் மாட்டேன்னேன். அவங்களுக்கு அதெத் தாண்ட முடியலை. நீ முடியாதுன்னே. அது அவங்களுக்குப் பாலம் போட்டாப்பல. மெசினுமேல பழியைப் போட்டு ஏறிப் போயிட்டாங்க. நாளைக்கு யாராச்சும் ஏன் வெளுத்துப்போச்சுன்னு கேட்டா, மெசினும்பாங்க. எவனும் தப்புப் பண்ணலை பாரு. நீயுந்தான்."

"என்னை வேலையை உட்டு எடுத்துருவாங்க."

"எடுப்பாங்க" என்றாள் அமராச்சி, மழை வரும் என்று சொல்வது போல. ஸ்கூட்டர் கிளம்பிப் போயிற்று.

கௌசிகா கல்லூரிக்குப் பஸ் பிடித்தாள். வகுப்பு தொடங்க நேரமிருந்தது. கடைசி பெஞ்சில் உட்கார்ந்து குறிப்பேட்டைத் திறந்தாள். பக்கத்திலிருந்தவன் 'தாமதமாக வந்தேன்' என்று எழுதிவிட்டுப் போனில் மூழ்கிவிட்டான். அவனைப் பார்க்க அவளுக்கு அருவருப்பாக இருந்தது. பிறகு அந்த அருவருப்பு அவன்மீது இல்லை என்பது தெரிந்தது.

2044 அக்டோபர் 20, வியாழன்.

இன்றைய தவறு: முடிகிற ஒன்றை முடியாது என்று சொன்னேன்.

பேனா வெகுநேரம் அங்கேயே நின்றது. வழக்கமாக அந்த இடத்தில் 'என்று நினைக்கிறேன்' என்று சேர்ப்பாள். சேர்க்கவில்லை. கீழே கோடு போட்டாள். ஆசிரியர் உள்ளே வர, வகுப்பு எழுந்து நின்றது. அவள் மட்டும் உட்கார்ந்தபடியே எழுதினாள்.

நாளைய வேலை: பதினோரு மணிக்கு முன்பு முதலாளி அறைக்குப் போக வேண்டும். ஷ்ரவண் சாரும் இருக்கும்போது சொல்ல வேண்டும். நான்கு சதவீதத்தில் நிறுத்த என்னால் முடியும். செய்ய மாட்டேன்.